பச்சைத் தண்ணீர் சுட்டது

அத்தியாயம் 3

செருப்பைக் கழற்றவும், செல்போனை அணைக்கவும், சத்தம் போடாதீர்கள் என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வெங்கடசுப்ரமணியனுக்கு மூன்று மொழிகளும் நன்றாகத் தெரியும். அதனால் மூன்றிலும் கத்திக்கொண்டிருந்தார்.

"பாட்டனி டீச்சர் சார் இவ! எந்த இலையைக் கிள்ளிப் போட்டா எந்த உறுப்பு நிக்கும்னு காலேஜ்ல பாடம் எடுக்கறவ. மொட்டை மாடியில தொட்டி தொட்டியா அரளி வளர்க்கறா. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

கேட்டுக்கொண்டிருந்தவர் துப்பறியும் அழகியநம்பி. சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் ஆபீஸ் வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறு, ஐம்பது வயது, சைவத்திலும் சுத்த சைவம். பக்கத்தில் நின்ற சுடலைமாடத்தி அவருடைய உதவியாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரி. ஸ்கூட்டர் ஓட்டுவதும் அண்ணாச்சியின் காலை வாருவதும் அவளுடைய பொறுப்புகள்.

"அரளி வளக்கவங்களையெல்லாம் பிடிக்கணும்னா, நேஷனல் ஹைவே நடுவுல வரிசையா வச்சிருக்கான்லா, மொதல்ல அவனைப் பிடிக்கணும் அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தாள். வெங்கடசுப்ரமணியன் முறைத்த முறைப்பில் அது எட்டிவிட்டது என்று தெரிந்தது.

விஷயம் இதுதான். உள்ளே படுத்திருந்தவர் ஆனந்தகிருஷ்ணன். ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோட்டைக்குள் சொந்த வீடு. சனிக்கிழமை சாயங்காலம் மருமகள் ஆஷா வைத்த பால் பாயசத்தை இரண்டு டம்ளர் குடித்தார். ராத்திரி வாந்தி, வயிற்றுப்போக்கு. ஞாயிறு விடிகிற நேரத்தில் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். இப்போது நிமிஷத்துக்கு முப்பத்தாறு துடிப்புதான் துடிக்கிறது அவருடைய இதயம். மனைவி விஜயத்துக்குச் சர்க்கரை வியாதி, பாயசம் தொடவில்லை. ஆஷாவுக்குப் பல்வலி, அவளும் தொடவில்லை. விஜயத்தின் தம்பி வெங்கடசுப்ரமணியனுக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தவர், மருமகளைக் கை காட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.

"எனக்கும் வச்சா சார்!" கழுத்தில் சுற்றிய மப்ளரை இறுக்கினார். ஏசி காற்று எரிகிறது என்று காலையிலிருந்தே அதைச் சுற்றிக்கொண்டிருந்தார். "காத்தால ஒரு டம்ளர் மோர் குடுத்தா. ஒரு வாய்தான் வச்சேன். உதடு, நாக்கு எல்லாம் அப்படியே பொசுங்கிப் போச்சு. துப்பிட்டேன். இல்லேன்னா நானும் அத்திம்பேர் பக்கத்துல படுத்திருப்பேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றாள் விஜயம்.

"முதல்ல அவரைக் காப்பாத்தட்டும் அக்கா. எனக்கு ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டு அவர் கழிப்பறைப் பக்கம் விரைந்தார். அரைமணி நேரத்தில் இது மூன்றாவது தடவை என்று மாடத்தி மனதுக்குள் கணக்கு வைத்தாள். கவலை வந்தால் சிலருக்கு அப்படித்தான்.

மூலை நாற்காலியில் ஆஷா உட்கார்ந்திருந்தாள். நெய்யாற்றின்கரைப் பெண். காதல் கல்யாணம் செய்துகொண்டு அந்தத் தெருவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கணவன் அபிஜித் சரக்குக் கப்பலில் வேலை, இப்போது நடுக்கடலில். நம்பியைக் கூப்பிட்டது அவள்தான்.

"சாரே, அந்த மோர் பிரிட்ஜுலருந்து எடுத்துக் கொடுத்தது. சத்தியமாட்டு ஒண்ணும் கலக்கலை" என்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "பெத்த அச்சனைப் போலத்தான் நினைச்சிருக்கேன் அப்பாவை. அவர் எழுந்து வந்தா போதும், என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும்."

மாடத்திக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

கதவு திறந்தது. டாக்டர் திவ்யலட்சுமி வெளியே வந்தார். விடிகாலையிலிருந்து நின்ற களைப்பு கண்ணில் இருந்தது, குரலில் இல்லை.

"அட்ரோப்பின் போட்டா துடிப்பு ஏறுது. கொஞ்ச நேரத்துல திரும்ப இறங்குது. ரத்த அழுத்தமும் நிக்கலை. எதோட சண்டை போடறேன்னு தெரியாமயே சண்டை போட்டுட்டிருக்கேன்" என்றார் நம்பியிடம். "அரளியா இருக்கலாம். அப்படின்னா அதுக்கு மாற்று மருந்தை வெளியூர்லருந்து வரவழைக்கணும். விஷம்னு நான் கேஸ் ஷீட்ல எழுதின நிமிஷம் போலீஸுக்குத் தகவல் போகும், அது சட்டம். காரணம் தெரியலைன்னு இப்போதைக்கு எழுதி வச்சிருக்கேன். நாலு மணி வரைக்கும்தான் அப்படி வச்சிருக்க முடியும். அதுக்குள்ள அவர் என்ன சாப்பிட்டார்னு யாராவது எனக்குச் சொல்லணும்."

"வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார் நம்பி.

"வழக்கமா கேக்கறது எல்லாம் கேட்டேன். வெளிச் சாப்பாடு, இல்லை. காளான், இல்லை. மீன், நண்டுன்னு கேட்டதும் அந்த அம்மா எழுந்தே போயிட்டாங்க."

நம்பி புன்னகைத்தார். "அவங்க வீட்ல வெங்காயத்துக்கே நாள் பாப்பாங்க டாக்டர். அதை அடிச்சிருங்க."

டாக்டர் அடித்துவிட்டதாகத் தலையாட்டினார். மணி பதினொன்றரை.

உள்ளே போக மாடத்திக்கு அனுமதி இல்லை. ஆனால் டீ குடிக்க வெளியே வந்த நர்ஸ் ரெம்யாவின் பக்கத்தில் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாமே. இரண்டே நிமிஷத்தில் இருவரும் ஒரே ஊர்க்காரிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். மாடத்திக்கு அது கை வந்த கலை.

"கொண்டு வந்தப்போ நல்ல நினைவு இருந்தது சேச்சி" என்றாள் ரெம்யா. "தாகம்னார். ஸ்பூன்ல பச்சத்தண்ணி கொடுத்தேன். ஐயோ சுடுதே, வெந்நீரையா ஊத்தறேன்னு என்னை ஒரே சத்தம். ஜில்லுன்னு இருந்த தண்ணியாணு அது! ஞான் 'வாய் எரிச்சல்'னு எழுதி வச்சேன். பின்னே என்ன எழுத?"

"புத்தி பிசகியிருக்கும்" என்றாள் மாடத்தி.

"பேரு, வயசு, தெரு எல்லாம் கரெக்டா சொன்னாரே. இன்னொரு தமாஷ். விரல்ல கிளிப் மாட்டப் போனா, நகத்துக்குள்ள எல்லாம் பழுப்பா ஏதோ. துடைச்சு மோந்து பார்த்தேன். காப்பிப்பொடி!"

மாடத்தி நம்பியிடம் திரும்பி வந்தபோது, ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து அவர் சாமான்களை நாற்காலியில் பரப்பியிருந்தார். மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, தூக்கி வரும் அவசரத்தில் மாட்டிவிட்ட நேற்றைய சட்டை. சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம். நம்பி அதைப் பிரித்து முகர்ந்தார்.

"பில்ட்டர் பொடி. சிக்கரி கலக்காதது. சாலைக் கடைத்தெருவுல அரைச்சது."

"காப்பிப்பொடியா?" விஜயம் நிமிர்ந்தாள். "ஆத்துல டப்பா நிறைய இருக்கே. இதை எங்கே தூக்கிண்டு போனார்? நேத்திக்கு ரெண்டாம் சனிக்கிழமை. விழிஞ்ஞத்துப் பழைய கோவிலுக்குன்னா போனார்? மூணு வருஷமா மாசம் தவறாம போறார். வந்ததும் நேரா கிணத்தடிக்குப் போய்த் தலையோட குளிச்சுட்டுத்தான் ஆத்துக்குள்ளேயே வருவார். அவ்வளவு பக்தி."

நம்பியின் கண்கள் மின்னின. மாடத்தியை இழுத்துக்கொண்டு மாடியிறங்கி ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு வந்தார். "புரிஞ்சு போச்சு மக்ளே. விழிஞ்ஞத்துல யாரையோ சந்திச்சிருக்காரு. காப்பி போட்டுக் குடிச்சிருக்காங்க. விஷம் இந்தப் பொடியில."

"அண்ணாச்சி, பொடி இருக்கு. பால் எங்க? பில்ட்டர் எங்க? வாயில போட்டு வெந்நி குடிச்சாரோ?"

"அதைக் கண்டுபிடிக்கணும்."

"நகத்துக்குள்ள பொடி இருந்திருக்கு. காப்பி குடிக்கவன் நகத்துல பொடி எப்படிப் போகும்? கைய வச்சா கலக்குவான்?" மாடத்தி ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "எங்க வீட்ல மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் அம்மா ஒரு சிட்டிகை காப்பிப்பொடி தருவா. கையில வச்சு நல்லாத் தேச்சுக் கழுவணும். எதுக்குத் தெரியுமா?"

"எதுக்கு?"

"மீன் நாத்தம் போறதுக்கு."

நம்பி இரண்டடி பின்னால் போனார். "வாயக் கழுவு. அவங்க யாரு, என்ன ஆளு, ஏ.ஜி. ஆபீஸ் ஆனந்தகிருஷ்ண ஐயரு..."

"போனது மீன்பிடித் துறைக்கு. வந்ததும் தலையோட குளியல். கோவிலுக்குப் போய்ட்டு வந்து யாராவது தலை முழுகுவாங்களா அண்ணாச்சி? நீங்களும் உங்க சாதி சனமும் மீன் தின்னதில்லை. அதனாலதான் உங்க எல்லாருக்கும் கண்ணு முன்னால இருக்கது தெரியலை. அந்த அம்மாவுக்குத் தெரியலை. டாக்டரு கேட்டாங்க, நீங்கதான் அடிக்கச் சொன்னியோ."

அழகியநம்பி துப்பறியும் தொழிலுக்கு வந்து இருபது வருஷம். தோற்ற கேஸ்கள் உண்டு. இப்படி ஸ்கூட்டர் ஸ்டாண்டில், பட்டப்பகலில், உதவியாளர் கையால் மூக்கறுபட்டது இதுதான் முதல். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வண்டியை எடு" என்றார்.

விழிஞ்ஞத்தில் வெயில் கொளுத்தியது. புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தூரத்தில் நின்றன. மீன் வாடை அடிக்கவும் நம்பி துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

"இத்தனை சாப்பாட்டுக் கடை இருக்கே. எந்தக் கடைன்னு கேப்ப?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"கேக்கவே வேண்டாம். ஒளிஞ்சு தின்ன வாறவரு ரோட்டைப் பாத்த ஹோட்டலுக்கா போவாரு? பின்னால வாசல் உள்ள கடைய மட்டும் பாப்போம். நீங்க உள்ள போங்க, கையக் கழுவுங்க, வெளிய வாங்க."

"கையைக் கழுவவா?"

"இது டீ குடிக்க ஊரு. கைகழுவுற இடத்துல பில்ட்டர் காப்பிப்பொடி இருந்தா அதுதான் நம்ம கடை."

முதல் கடையில் சோப்பு இருந்தது. இரண்டாவது கடையில் சோப்பும் இல்லை. மூன்றாவது, வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் நீலத் தகரம் போட்ட கடை. உள்ளே போன நம்பி நெடுநேரம் வரவில்லை. வந்தபோது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பழுப்பாக ஒரு சிட்டிகை.

"கண்ணாடிப் புட்டியில வச்சிருக்கான் மக்ளே. சாலைப் பொடியேதான்." தோற்றாலும் ஒப்புக்கொள்கிற மனுஷன் என்பதால்தான் மாடத்தி இவரிடம் இன்னும் வேலை பார்க்கிறாள்.

கடைக்காரி பொன்னம்மை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அதா? அது நம்ம தோமா சாருட காப்பிப்பொடி. ரெண்டாம் சனியாழ்ச்ச தோறும் வருவாரு. மிச்சத்துல கொஞ்சம் இங்கயே வச்சிட்டுப் போவாரு. என்ன, சாருக்கு வல்லதும் ஆச்சா, சீக்கு ஏதும்?"

மாடத்தி போனில் ஆனந்தகிருஷ்ணனின் படத்தைக் காட்டினாள். பொன்னம்மை முகம் மலர்ந்தது.

"தோமா சாரேதான். நல்ல மனுசன். பின்னால உள்ள முறியில, கதவைச் சாத்திட்டு, செவுத்தப் பாத்துத்தான் இருப்பாரு. ஒவ்வொரு வாய்க்கும் 'முள்ளு உண்டோ, முள்ளு உண்டோ'ன்னு கேப்பாரு. கிறிஸ்தியானி ஆளுக்கு முள்ளெடுக்கத் தெரியாம இருக்குமான்னு எனக்கு ஒரு சம்சயம் உண்டு கேட்டியளா. பின்னே, சோறு போட்டதும் வெரல்ல தண்ணி எடுத்து இலையச் சுத்தி விடுவாரு. எந்தப் பள்ளியில போற ஆளு அப்படிச் செய்யும்? நான் ஒண்ணும் கேக்கலை. பசிச்சு வந்த ஆளுகிட்ட பேரைக் கேக்கதே தப்பு."

மாடத்திக்குச் சிரிப்பு முட்டியது. நம்பியைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நேத்து என்ன சாப்பிட்டாரு அக்கா?"

"செம்பல்லித் தலை. செவந்த மீனு. இந்தா பெரிய தலை." இரண்டு கையையும் அகல விரித்தாள். "மத்த ஆளுகளுக்குச் சாளை வறுத்தது. தலை ஒண்ணுதான் கிடைச்சு, அதைச் சாருமாருக்குன்னு எடுத்து வச்சேன்."

மாடத்தி அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். செம்பல்லித் தலை என்றதும் மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாய் எரிச்சல்னு நர்ஸ் எழுதியிருக்கா. எதைக் குடிச்சப்போ எரிஞ்சது?"

"பச்சைத் தண்ணி டாக்டர். ஜில்லுனு இருந்த தண்ணி சுட்டுதுன்னாராம்."

"அட கடவுளே! அந்த ஒரு வார்த்தை எனக்கு வரலையே." டாக்டரின் குரலில் வேகம் ஏறியது. "சிகுவாட்டெரா. பேருதான் கஷ்டம், விஷயம் சுலபம். கடலடிப் பாறைப் பாசியில ஒரு விஷம். அதைத் தின்ன மீனை இன்னொரு மீன் திங்கும், அதை அதைவிடப் பெரிய மீன் திங்கும். அப்படியே ஏறி ஏறிப் பெரிய மீனோட தலையில வந்து நிக்கும். வேக வச்சாலும் போகாது, வாடையும் இருக்காது. சாளை, நெத்திலி மாதிரி சின்ன மீன்ல இந்த வம்பு இல்லை. இதைத் தின்னவங்களுக்குக் குளிர்ந்ததைத் தொட்டா சுடும். மாற்று மருந்து கிடையாது. ஆனா என்ன செய்யக் கூடாதுன்னு இப்போ எனக்குத் தெரியும். கூட நின்னு இதயத்தைத் தாங்கிப் பிடிச்சா, அது தானா வழிக்கு வரும்."

"அப்போ ஆஷா?"

"பாயசத்துல ஒண்ணும் இல்லை. மாடத்தி, அந்த மீனை வேற யார் தின்னாங்க? அதைக் கேளு முதல்ல. தின்னுட்டு நடமாடிட்டிருப்பாங்க, ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுப்பாங்க. துடிப்பு இறங்கினா நின்ன இடத்துலயே விழுவாங்க. மீதி மீன் எங்க போச்சுன்னும் சுகாதாரத்துறைக்கு நான் சொல்லியாகணும்."

மாடத்தி போனை இறக்கினாள். சாருமாரு என்றுதானே பொன்னம்மை சொன்னாள்? அப்படியென்றால் ஒருத்தர் இல்லையே.

"அக்கா, தோமா சாரு தனியாவா வருவாரு?"

"தனியாவா? கூட ஜார்ஜ் சாரு உண்டு. தலையில கன்னத்துச் சதை மட்டும் நுள்ளித் திம்பாரு, பயந்த பேடி. கறியையும் கண்ணையும் வழிச்சுத் தின்னது தோமா சாரு. ஜார்ஜ் சாரு நல்லாக் கத்திப் பேசுவாரு. மூணு பாஷையிலயும் பேசுவாரு."

மாடத்தி நம்பியைப் பார்த்தாள். நம்பி மாடத்தியைப் பார்த்தார். பிரிட்ஜிலிருந்து எடுத்த மோர். ஏசி காற்று எரிகிறது என்று சுற்றிய மப்ளர். மூன்று தடவை கழிப்பறை. அந்த மனுஷன் காலையிலிருந்து ஆஷாவுக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்த சாட்சியெல்லாம் அவருக்கு எதிரான சாட்சி.

"வண்டியை நான் ஓட்டட்டா?" என்றார் நம்பி.

"சீக்கிரம் போணும் அண்ணாச்சி. பின்னால ஏறுங்க."

பொன்னம்மை அதற்குள் துறைமுகத்து ஆட்களுக்குப் போன் செய்து, அந்தக் கூட்டத்து மீனை யாரும் வெட்டக் கூடாது என்று கத்த ஆரம்பித்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி மாடி ஏறினார்கள். வெங்கடசுப்ரமணியன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. "நாலு மணி ஆகட்டும். போலீஸ் வரட்டும். இந்தத் தெருவுல இனிமே இவ எப்படி நடக்கறான்னு பாக்கறேன்."

விஜயம் மருமகளைப் பார்க்காமல் கையில் இருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். நம்புகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாதது மாதிரி இருந்தது. அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆஷாவைப் பார்க்க மாடத்திக்குத் தாங்கவில்லை.

கேன்டீன் பிரிட்ஜிலிருந்து எடுத்து வந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மாமா, இதைக் கொஞ்சம் பிடிங்க. செருப்பைக் கழத்திக்கிடுதேன்."

வெங்கடசுப்ரமணியன் பழக்கத்தில் வாங்கிவிட்டார். மறு நொடி, "ஐயோ! சுடறது!" என்று உதறினார்.

பாட்டில் உருண்டுபோய் ஆஷாவின் காலடியில் நின்றது. விஜயம் குனிந்து எடுத்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்கே வெங்கிட்டு" என்றாள்.

மாடத்தி அவர் காதருகே போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஜார்ஜ் சாரே, பொன்னம்மை அக்கா விசாரிச்சாங்க. தோமா சாருக்கு வந்தது உங்களுக்கும் வந்திருக்கு. மோருல ஒண்ணும் இல்லை."

வெங்கடசுப்ரமணியன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அங்கே இருந்ததால் விழாமல் தப்பினார் என்பதே சரி. ரெம்யா ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "நாப்பத்திரண்டு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். சக்கர நாற்காலி வந்தது.

"நீங்களே சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?" என்றார் நம்பி மெதுவாக.

பொய் சொல்கிற ஆளாக மாடத்திக்கு அவர் அப்போது தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் விழிஞ்ஞத்தில் சாப்பிட்டது தோமாவும் ஜார்ஜும். கோட்டைக்குள் குடியிருக்கும் இரண்டு பேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று வருஷமாக அப்படி நினைத்துப் பழகியவருக்கு, டாக்டர் கேட்டபோது கூட அது ஞாபகத்தில் வராமல் போயிருக்கலாம். வந்திருந்தால் வாயில் வந்திருக்காது.

கதவருகே போனதும் அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"அக்கா" என்றார். குரல் முதல் தடவையாக ஒரே மொழியில், தாழ்ந்து வந்தது. "பாயசத்துல ஒண்ணும் இல்லை. நாங்க ரெண்டு பேரும் விழிஞ்ஞத்துல மீன் சாப்பிட்டோம். மாசா மாசம். முதல்ல கூட்டிண்டு போனது நான்தான். அத்திம்பேரைத் திட்டாதே." பிறகு ஆஷாவின் பக்கம் திரும்பினார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அம்மா, ஆஷா. தப்பு பண்ணிட்டேன். தெரு பூரா கேக்கற மாதிரி கத்தினேன். பொழைச்சு வந்தா அதே மாதிரி கத்தி, தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"முதல்ல உள்ளே போங்கோ மாமா" என்றாள் ஆஷா.

கதவு மூடியது. கடிகாரத்தில் நாலு ஆக மூன்று நிமிஷம். டாக்டர் திவ்யலட்சுமி கேஸ் ஷீட்டோடு வெளியே வந்து, 'காரணம்' என்ற இடத்தில் இரண்டே வார்த்தை எழுதி நம்பியிடம் காட்டினார். கடல் மீன். பெரிய மீனில்தான் இந்த வம்பு என்று விஜயத்துக்கும் விளக்கினார். "ஆனந்தகிருஷ்ணனுக்குத் துடிப்பு இப்போ ஐம்பத்தி நாலு" என்றார். "கண்ணைத் திறந்தார். காப்பி கேட்டார். கிடையாதுன்னுட்டேன்."

"பொடி எங்ககிட்ட இருக்கு டாக்டர்" என்றாள் மாடத்தி.

நம்பி அவளை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார். விஜயம் எழுந்து ஆஷாவிடம் போவது தெரிந்தது. சிரிப்பாளா அழுவாளா என்று மாடத்தி பார்த்திருந்தாள். விஜயம் இரண்டும் செய்யவில்லை. மருமகளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடித்து மடித்துக் கசங்கிப்போன கைக்குட்டையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"கல்யாணமாகி வந்த மறுநாள் எங்கிட்ட வந்து சொன்னே. அம்மா, இனிமே மீன் தொடமாட்டேன், இந்த ஆத்துக்காகன்னு. நான் கேக்கக்கூட இல்லை. ஆறு வருஷம் ஆச்சு. உங்கம்மா ஆத்துக்குப் போனாக்கூட நீ தொடலை. எனக்குத் தெரியும், உங்கம்மா எங்கிட்ட சொல்லிக் குறைப்பட்டுண்டா." துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "இன்னிக்கு நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். முழுசா இல்லை. ஆனா பட்டேன். அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைடி."

ஆஷா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். விஜயம் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மாடத்தி ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணில் தூசி விழுந்ததாகக் காட்டிக்கொண்டாள். நம்பி தன் துண்டை நீட்டினார்.

"அழாதே. இவர் நாளைக்கு எழுந்து உக்காரட்டும்" என்றாள் விஜயம். "நீ ரெண்டு நாள் நெய்யாற்றின்கரைக்குப் போய் உங்கம்மா கையால வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வா."

ஆஷா நிமிர்ந்தாள். விஜயம் குரலைத் தாழ்த்தினாள்.

"சின்ன மீனாப் பாத்து."